மரத்த கை விழிக்கும் நேரம்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷின் ஓட்டியவர்களிடம் விரலைப் பற்றிப் பேச்செடுத்தால், எந்த ஷிஃப்டில் யாருக்கு எந்த விரல் போனது என்பதுவரை சொல்வார்கள். அப்படி அடிபட்டு வருபவருக்கு எலும்பைக் கம்பி போட்டுச் சேர்ப்பதும், அறுந்த தசைநாணைத் தைப்பதும், தோல் ஒட்டுவதும் இன்று எட்டும் தூரத்தில் கிடைக்கிற சிகிச்சைகள். ஓசூரில் முடியவில்லை என்றால் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரு இருக்கிறது. ஆனால் தியேட்டரிலிருந்து வார்டுக்கு வந்த பிறகு வலியை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ராத்திரி தாங்க முடியாமல் கத்தினால் ஓர் ஊசி. வீட்டுக்குப் போகும்போது சீட்டில் டிராமடால் கலந்த மாத்திரை, கூடவே 'வலிச்சா போடுங்க' என்று ஒரு வாக்கியம்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு தவறுகள் இருக்கின்றன. வலி வரும்வரை காத்திருக்கச் சொல்வதால் வலி முதலில் முற்றுகிறது. எப்போது நிறுத்துவது என்று சொல்லாததால் மாத்திரை நீள்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு ஓபியாய்டு மருந்தைக் குறைப்பது எப்படி என்று உலகம் முழுக்க இன்று நடக்கும் பேச்சில், நம் ஊருக்குப் பொருந்துகிற பகுதி இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். நம்மிடம் வலி மருந்து தேவையான இடத்தில் போதாமலும், தேவையில்லாத இடத்தில் கணக்கில்லாமலும் போகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: வலிக்கென்று முன்கூட்டியே யாரும் திட்டம் போடுவதில்லை.

ஓபியாய்டு என்றால் அபினிலிருந்து கிடைக்கும் மார்ஃபின், கோடீன், அவற்றின் வேலையையே செய்யும்படி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட ஃபென்டனில், டிராமடால், டேபெண்டடால் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். இந்த மருந்துகளால் அமெரிக்கா பட்ட பாடு தெரிந்த கதை. மருத்துவமனையில் ஓபியாய்டு பெறுபவர்கள் அதற்கு அடிமையாவது அபூர்வம் என்று 1980-ல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. அதைப் பெரிய ஆய்வைப் போலப் பல ஆண்டுகள் மேற்கோள் காட்டினார்கள். 1996-ல் ஆக்சிகான்டின் சந்தைக்கு வந்தது. பித்தப்பை எடுத்தவருக்கும் பல் பிடுங்கியவருக்கும் பாட்டில் பாட்டிலாக மாத்திரை எழுதினார்கள்.

2017-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இது. அதுவரை ஓபியாய்டு தொடாமல் ஆபரேஷனுக்கு வந்தவர்களில் 100-க்கு ஏறக்குறைய 6 பேர், காயம் ஆற வேண்டிய காலமெல்லாம் கடந்து மூன்று மாதத்துக்குப் பிறகும் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய ஆபரேஷனா சின்ன ஆபரேஷனா என்பதால் இந்த எண் பெரிதாக மாறவில்லை. காயத்தின் அளவு காரணம் இல்லை என்றால் வேறெது? புகை, குடி, மனச்சோர்வு, ஏற்கெனவே உள்ள நாள்பட்ட வலி ஆகியவற்றோடுதான் தொடர்பு தெரிந்தது. அதே மிச்சிகனில், பித்தப்பை ஆபரேஷனுக்கு எழுதும் மாத்திரையை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துப் பார்த்தார்கள். 'பத்தவில்லை' என்று திரும்பி வந்து கேட்டவர்கள் கூடவில்லை. வேடிக்கை என்னவென்றால், குறைவாகக் கொடுத்தபோது நோயாளிகள் விழுங்கியதும் குறைந்தது. கையில் எத்தனை இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் மனிதர்கள் தங்கள் தேவையை முடிவு செய்கிறார்கள்.

இதை அப்படியே தூக்கிவந்து ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வைக்க முடியாது. 2017-ல் லான்செட் குழு போட்ட கணக்கின்படி, வலி தணிப்புக்கு இந்தியாவுக்குத் தேவையான மார்ஃபின் வகை மருந்தில் கிடைத்தது 4 சதவீதம். உலகுக்கு அபின் விளைவித்துக் கொடுத்த நாட்டில் புற்றுநோயாளி வலியில் சாவது வழக்கமாக இருந்ததற்கு 1985-ன் போதைப்பொருள் சட்டம் ஒரு பெரிய காரணம். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, உரிமம் வேறு. ஒரு மாநிலத்திலிருந்து அடுத்த மாநிலத்துக்கு மார்ஃபின் கொண்டுபோக இரு பக்கமும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் இருக்கும் ஓசூருக்கு, ஜூஜூவாடி சோதனைச்சாவடி லாரிக்கு மட்டும் எல்லையாக இருக்கவில்லை. கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன், ஆக்சிகோடோன் முதலான ஆறு மருந்துகளுக்கு நாடு முழுக்க ஒரே விதி வந்தது.

விதி மாறினாலும், இங்கே ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் கையில் மார்ஃபின் இருப்பதில்லை. இருப்பது டிராமடால், அல்லது டேபெண்டடால். 'லேசான வலி மாத்திரை' என்ற பெயரோடு இரண்டும் புழங்குகின்றன. டிராமடால் உடலுக்குள் போனதும் கல்லீரலில் ஒரு நொதி அதை வேறொரு பொருளாக மாற்ற வேண்டும்; அந்தப் பொருள்தான் ஓபியாய்டு வேலையைச் செய்கிறது. சிலருக்கு அந்த நொதி பிறவியிலேயே சோம்பேறி. மாத்திரை போட்டும் வலி போகாது. சிலருக்கு அது அதிவேகம். வழக்கமான அளவே மூச்சை மந்தமாக்கிவிடும். பாலூட்டும் தாய் அப்படிப்பட்டவராக இருந்தால் குழந்தைக்கு ஆபத்து என்று 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். இங்கே அதிகம் நடக்கும் பெரிய ஆபரேஷன்களில் ஒன்று அது. எச்சரிக்கை யாருக்கு என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

இந்திய அரசு 2018-ல் டிராமடாலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. டேபெண்டடால் அப்போது சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் 'வலி மாத்திரை பறிமுதல்' என்று பத்திரிகையில் பார்க்கும் செய்திகளில் அந்தப் பெயர் அடிக்கடி தலைகாட்டுவது தற்செயல் இல்லை. மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ரத்தக்குழாயில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களுக்கு மருந்தை விடவும் அதில் சேர்ந்த மாவும் டால்க்கும் எமன். அவை கரைவதில்லை, நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்கின்றன. ஆபரேஷன் நோயாளிக்கும் இந்தக் கூட்டத்துக்கும் நேரடி உறவு குறைவுதான். ஆனால் வீட்டு அலமாரியில் மிச்சமிருக்கும் அட்டை யார் கைக்கும் போகலாம்.

வலி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், அதை எங்கெங்கே மறிக்கலாம் என்பதும் தெரியும். கத்தி பட்ட இடத்தில் செல்கள் உடைந்து புராஸ்டகிளாண்டின் போன்ற பொருள்கள் கசிகின்றன. அவை அங்குள்ள நரம்பு நுனிகளைக் கூர்மையாக்குகின்றன. சும்மா தொட்டாலும் வலிக்கும் நிலை அதுதான். அங்கிருந்து சேதி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போகிறது. விடாமல் சேதி வந்துகொண்டிருந்தால் தண்டுவடச் செல்களே உசுப்பேறிவிடும். பிறகு சின்னச் சேதியையும் பெரிதாக்கி மூளைக்கு அனுப்பும். ஓபியாய்டு முக்கியமாகத் தண்டுவடத்திலும் மூளையிலும் போய் அந்தச் சேதியை அமுக்குகிறது. ஆனால் அதே வகை ஏற்பிகள் குடலிலும் உண்டு, மூச்சை நடத்தும் மூளைப் பகுதியிலும் உண்டு. அதனால்தான் மலச்சிக்கல், குமட்டல், மயக்கம், வயிறு உப்பல், மூச்சு மந்தம். அதிக அளவில் தொடர்ந்து கொடுத்தால் வலி உணர்வே கூடிப்போகும் விபரீதமும் உண்டு.

மூன்று இடத்தில் நடப்பதை ஒரே இடத்தில் ஒரே மருந்தால் ஏன் அடக்க வேண்டும்? காயத்தில் வீக்கம் குறைக்கும் மருந்தும், கூடவே பாராசிட்டமாலும், வழியில் நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும், அதற்கும் மிஞ்சினால் கொஞ்சம் ஓபியாய்டும். டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் 1990-களில் இந்தக் கூட்டு முறையை வலியுறுத்தினார். 'சாதாரண' மாத்திரையைக் குறைத்து மதிப்பிடுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு சொல்ல வேண்டும். ஆபரேஷன் வலி பாதியாகக் குறையும் பலன், போலி மாத்திரையை விடக் கூடுதலாக ஒருவருக்குக் கிடைக்க எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. எண் சிறிதானால் மருந்து வலுவானது. 100 மில்லிகிராம் டிராமடாலுக்கு அந்த எண் 5-ஐ ஒட்டி வருகிறது. 200 மில்லிகிராம் ஐபுபுரூஃபெனும் 500 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்த்துக் கொடுத்தால் 1.6. 'வெறும் டோலோதானே' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். பாராசிட்டமாலை டோலோ என்ற பெயரில் விற்கும் மைக்ரோ லேப்ஸுக்கு ஓசூர் சிப்காட்டிலேயே ஆலை உண்டு. என்ன, பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. குடிப்பவருக்கும் மெலிந்தவருக்கும் இன்னும் குறைவு. டிராமடாலோடு பாராசிட்டமாலும் கலந்த அல்ட்ராசெட் போன்ற மாத்திரையும் டோலோவும் சேர்ந்து எழுதப்படும்போது ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போவது நோயாளிக்குத் தெரியாது. ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவருக்கு ஆகாது.

நசுங்கிய விரலுக்கு வருகிறேன். கைக்குப் போகும் நரம்புகள் எல்லாம் கழுத்திலிருந்து இறங்கி, காறை எலும்புக்கு மேலே ஓரிடத்தில் நெருங்கி வருகின்றன. அல்ட்ராசவுண்ட் கருவியை அங்கே வைத்தால், துடிக்கும் ரத்தக்குழாயின் பக்கத்தில் அந்த நரம்புகள் ஒரு திராட்சைக் கொத்து போலத் திரையில் தெரியும். மயக்க டாக்டர் ஊசி முனையைத் திரையில் பார்த்துக்கொண்டே அந்தக் கொத்தை ஒட்டி மருந்தை விடுகிறார். கால் மணி, இருபது நிமிடத்தில் கை கனத்து, பிறகு யாருடைய கையோ போலக் கிடக்கும். நோயாளி விழித்திருக்கலாம், பேசலாம். தொண்டையில் குழாய் இல்லை, குமட்டல் குறைவு. வியன்னாவில் 1884-ல் கார்ல் கொல்லர் கண்ணில் கொக்கெய்ன் சொட்டு விட்டு மரக்கச் செய்ததில் தொடங்கிய வழி இது. தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் நடத்திக்காட்டிய இடம் கோவை கங்கா மருத்துவமனை. 1978-ல் அதைத் தொடங்கிய டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதன் மயக்க மருத்துவர் என்பதை நினைவில் வைக்கலாம். கையறுவைக்கும் விபத்துச் சிகிச்சைக்கும் பெயர்பெற்ற அந்த மருத்துவமனையின் டாக்டர் பாலவெங்கடசுப்பிரமணியன், நரம்பு மரக்கச் செய்யும் முறையை நாடு முழுவதும் இளைய மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் முன்னின்றவர்களில் ஒருவர்.

இந்த ஊசியில் ஒரு கண்ணி இருக்கிறது. மருந்தின் வேகம் பத்து, பன்னிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். மாலை நான்கு மணிக்கு ஊசி போட்டால் கை விழிப்பது விடியற்காலை மூன்று மணிவாக்கில். அதுவரை வலியே இல்லை என்று நிம்மதியாக எந்த மாத்திரையும் போடாமல் தூங்கியவர், திடீரென்று கை முழுதும் நெருப்பு வைத்த மாதிரி எழுந்து உட்காருகிறார். அந்த நேரத்தில் வார்டில் இருப்பது ஒரு நர்ஸ். அவர் கைக்கு எட்டுவது பெரும்பாலும் டிராமடால் ஊசி. எத்தனை நேர்த்தியாக நரம்பை மரக்கச் செய்தாலும், கடைசியில் ஓபியாய்டு உள்ளே வந்துவிடுகிறது. தடுக்க வழி எளிது: கை இன்னும் மரத்திருக்கும்போதே, படுக்கப் போகும் முன் பாராசிட்டமாலும் மற்றதும் போட்டுவிட வேண்டும், பிறகு வலிக்கிறதோ இல்லையோ இரண்டு மூன்று நாள் கடிகாரம் பார்த்துப் போட வேண்டும். இதைச் சொல்ல வேண்டியவர் தெலுங்கு, கன்னடம், உருது, ஒடியா என்று நோயாளி பேசுகிற மொழியில் சொல்ல வேண்டும். எல்லையோர ஊரில் ஆங்கிலத்தில் அச்சடித்த டிஸ்சார்ஜ் தாள் அந்த வேலையைச் செய்யாது.

இன்னொரு முட்டுக்கட்டை எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994-ல் வந்த சட்டப்படி ஒவ்வோர் அல்ட்ராசவுண்ட் கருவியும் பதிவாக வேண்டும். எந்த இடத்தில், யார் கையில் என்பது உட்பட. நரம்பைப் பார்க்கக் கருவி வைத்திருக்கும் மயக்க டாக்டரும் அந்த வரிசையில் நிற்க வேண்டியவர்தான். இரண்டு மூன்று மருத்துவமனைக்கு மாறி மாறிப் போகும் மயக்க டாக்டர் கருவியைக் காரில் போட்டுக்கொண்டு போக முடியாது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் 2004-ல் கிருஷ்ணகிரி பிரியும்வரை ஒன்றாக இருந்த தர்மபுரி மாவட்டம் 1990-களில் பெண் சிசுக்கொலைக்காக நாடறிந்த பெயர். இந்த மண்ணில் நின்றுகொண்டு அந்தச் சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கருவியை ஊர் ஊராகத் தூக்கிப்போவதற்குப் பதில், அறுவை அரங்குக்கென்றே பதிவான கருவியை ஒவ்வொரு மருத்துவமனையும் வாங்கி வைப்பதுதான் வழி.

கூட்டு முறையை வலியுறுத்திய கேலெட் வலியோடு நிற்கவில்லை. ஆபரேஷனைச் சுற்றி நாம் கேள்வி கேட்காமல் செய்யும் பழக்கங்கள் எல்லாவற்றையும் உலுக்கினார். 1997-ல் வந்த அவர் கட்டுரை பிறகு ஒரு பெரிய இயக்கமானது. பெருங்குடல் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வாரத்துக்கும் மேல் கிடந்தவர்களை இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிக் காட்டினார். என்ன செய்தார் என்று பார்த்தால் புதிய கருவி எதுவும் இல்லை. பட்டினியைக் குறைத்தார், குழாய்களைச் சீக்கிரம் எடுத்தார், நோயாளியை எழுப்பி நடக்கவைத்தார், குடலை முடக்கும் ஓபியாய்டைத் தள்ளிவைத்தார்.

நம் ஊரில் 'ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சைத் தண்ணிகூட குடிக்கக் கூடாது' என்று சொல்லி அனுப்பப்படுகிறவர், காலையில் முதல் கேஸ் நீண்டுபோனதால் மதியம் இரண்டு மணிக்குத் தியேட்டருக்குப் போகிறார். விதிகள் சொல்வது வேறு: கெட்டி உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்புவரை, தண்ணீர், பால் சேர்க்காத டீ போன்றவை இரண்டு மணி நேரத்துக்கு முன்புவரை. வறண்ட உடம்புக்கு ஆபரேஷனுக்குப் பின் குமட்டல் கூடும், டைக்ளோஃபெனாக் வகை சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும், ஆகவே டாக்டர் அதைத் தவிர்ப்பார், ஆகவே டிராமடால். பட்டினிக்கும் ஓபியாய்டுக்கும் இப்படியொரு சங்கிலி.

வீட்டுக்கு வந்ததும் பத்தியம் தொடங்கும். பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று எத்தனை பாட்டிகள் சொல்லியிருப்பார்கள்! தையல் ஆறப் புரதம் வேண்டும். சைவம் சாப்பிடுகிறவருக்குப் புரதத்துக்கு முதல் வழியே பருப்புதான். அசையாமல் படுக்கவைப்பதும் அன்பினால்தான். அசையாத கை விறைக்கும், விறைத்த கை நான்காம் வாரம் மடக்கும்போது வலிக்கும், அந்த வலிக்குப் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதே மாத்திரை வாங்கப்படும். காயத்தின் வலி போய் இது வேறு வலி. இதற்கு மருந்து பிசியோதெரபி.

பழைய சீட்டு எதற்கு நீள்கிறது என்பதில் சம்பளக் கணக்கும் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ-யில் வேலையிடத்து விபத்துக்கு ஓய்வுக்காலத்தில் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண நோய்க்கு 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் கான்ட்ராக்டில் இருப்பவர் பயப்படுவது கூலிக்காக மட்டுமில்லை, இடத்துக்காக. மூன்று வாரம் போனால் அந்த மெஷினில் வேறு ஆள் நிற்பார். அதனால் ஆறாத கையோடு டிராமடாலைப் போட்டுக்கொண்டு ஆறு மணி ஷிஃப்டுக்குப் பைக்கில் போகிறார். தலைசுற்றலும் தூக்கமும் அந்த மாத்திரையின் அறியப்பட்ட குணங்கள். பிரஸ் மெஷினுக்கும் தேசிய நெடுஞ்சாலைக்கும் அது தெரியாது. ஓபியாய்டைக் குறைப்பது டாக்டரின் பேனாவில் மட்டும் இருப்பதாக எழுதும் வெளிநாட்டுக் கட்டுரைகளில் இந்தப் பக்கம் இருப்பதில்லை.

ஓபியாய்டே கூடாது என்ற கட்சியும் இப்போது கிளம்பியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தொடை எலும்பு நொறுங்கி வந்தவருக்கும், பெரிய வயிற்று ஆபரேஷன் முடிந்தவருக்கும் முதல் ஓரிரு நாள் மார்ஃபின் கொடுக்கத் தயங்குவது கொடுமை. அது தயங்கித் தயங்கியே பழகிய நாடு இது. கேட்க வேண்டியது அளவும் முடிவும். ஊசியும் கடிகார மாத்திரையும் சரியாக நடந்தால் விரல் ஆபரேஷனுக்கு ஓபியாய்டு மாத்திரை ஒன்றும் வேண்டாமல் போகலாம், அல்லது அவசரத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில. சீட்டில் '10' என்று மொட்டையாக எழுதுவதற்கும் '4' என்று எழுதி, எதற்கு, எந்த நாள்வரை என்று பக்கத்தில் எழுதுவதற்கும் ஆகும் கூடுதல் நேரம் அரை நிமிடம்.

நாலில் இரண்டு மிஞ்சினால்? குப்பையில் போடக் கூடாது, பக்கத்து வீட்டு முதுகுவலிக்குக் கொடுக்கவும் கூடாது. காலாவதியான, பயன்படுத்தாத மருந்துகளை என்ன செய்வது என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் 17 மருந்துகளை மட்டும், தவறான கைக்குப் போனால் ஒரு வேளை அளவே ஆபத்தாகலாம் என்பதால், கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடச் சொல்லியிருக்கிறார்கள். மார்ஃபினும் ஃபென்டனிலும் இருக்கும் அந்தப் பட்டியலில் டிராமடாலும் இருக்கிறது, டேபெண்டடாலும் இருக்கிறது.